பைத்தான் கான்ஃபிக் கோப்பில் 0 என்று எழுதினாலும் ட்ரூ வருகிறது: யாம்லுக்கு மாறினால் தீருமா?

கேள்வி | 6 ஜனவரி 2025, காலை

பைத்தான் 3.11, கான்ஃபிக்பார்சர் (ஐஎன்ஐ வகை அமைப்புக் கோப்பைப் படிக்கும் பைத்தான் மாட்யூல்). ஐஎன்ஐ கோப்பு இவ்வளவுதான்:

[அஞ்சல்]
சர்வர் = 10.0.0.5
போர்ட் = 587 ; டிஎல்எஸ்
குறியாக்கம் = 0

குறியாக்கத்தை பூல் (ட்ரூ, ஃபால்ஸ் என்று மாற்றுவது) போட்டு மாற்றினால் ட்ரூ வருகிறது. போர்ட்டை இன்ட் (முழு எண்ணாக மாற்றுவது) போட்டால் வேல்யூஎரர். கான்ஃபிக்பார்சரே பழையது, யாம்ல் என்ற கோப்பு வடிவத்தில் எல்லாம் சரியான டைப்போடு வந்துவிடும் என்கிறார்கள். மாறிவிடலாமா?

6 ஜனவரி, மாலை

இரண்டும் தனித்தனிக் கோளாறு.

கான்ஃபிக்பார்சர் எதைப் படித்தாலும் ஸ்ட்ரிங்காகத்தான் தரும். 0 என்பது அங்கே எண் இல்லை, ஓர் எழுத்து. காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் பூல் கணக்கில் ட்ரூ. அதற்காகவே கெட்பூலியன் இருக்கிறது. 1, யெஸ், ட்ரூ, ஆன் நான்கும் ஒரு பக்கம்; 0, நோ, ஃபால்ஸ், ஆஃப் நான்கும் மறுபக்கம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. இந்த எட்டைத் தவிர வேறு எதைக் கண்டாலும் வேல்யூஎரர் போடும். அப்படிப் போடுவதுதான் நமக்கு நல்லது.

போர்ட் விஷயம் வேறு. பைத்தான் 3.2-இல் இருந்து, வரியின் நடுவில் வரும் கமென்ட் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வரியின் தொடக்கத்தில் # அல்லது ; இருந்தால்தான் அது கமென்ட். அதனால் உங்கள் போர்ட்டின் மதிப்பு "587 ; டிஎல்எஸ்" என்ற முழு ஸ்ட்ரிங். பைத்தான் 2 காலத்தில் இடைவெளிக்குப் பின் வரும் ; கமென்டாக ஏற்கப்பட்டது. அந்தக் காலத்து உதாரணங்கள் இணையத்தில் இன்னும் நிறையக் கிடக்கின்றன.

பார்சரை உருவாக்கும்போதே இன்லைன்_கமென்ட்_ப்ரிஃபிக்சஸ் கொடுத்து இதைத் திரும்ப இயக்கலாம். கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லில் இடைவெளியும் # குறியும் அடுத்தடுத்து வந்தால் அதற்குப் பின் இருப்பது சத்தமில்லாமல் வெட்டுப்படும். கமென்டைத் தனி வரிக்கு நகர்த்துவதே வழி.

6 ஜனவரி, இரவு

யாம்ல் பற்றிய பதில். யாம்ல் டைப் தரும், உண்மை. ஆனால் நாம் கேட்ட டைப்பைத் தராது. அதுவாக ஊகித்த டைப்பைத் தரும். பைத்தானில் யாம்ல் படிக்கும் பையாம்ல் இன்னமும் யாம்ல் 1.1 விதிகளைப் பின்பற்றுகிறது. மேற்கோள் குறி போடாமல் எழுதினால் நடப்பது:

சென்னை எஸ்டிடி கோடு 044 என்று எழுதுங்கள். 36 என்ற எண் வரும். பூஜ்யத்தில் தொடங்கி எல்லா இலக்கங்களும் 0 முதல் 7 வரை இருந்தால் அது எண்ம எண் (எட்டின் அடிமானம்). மதுரை 0452 எழுதினால் 298. பெங்களூரு 080 மட்டும் ஸ்ட்ரிங்காகவே வரும், ஏனென்றால் 8 எண்ம இலக்கம் இல்லை. ஒரே பட்டியலில் சில ஊர் எண்ணாகவும் சில ஊர் ஸ்ட்ரிங்காகவும் வந்து நிற்கும்.

நேரமும் அப்படித்தான். 09:30 ஸ்ட்ரிங். 10:30 எழுதினால் 630, அதாவது 10 × 60 + 30. அறுபதின் அடிமானம். காலை ஒன்பதரைக்கு வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடும். யாரோ பத்தரைக்கு மாற்றுகிற அன்று உடையும்.

பதிப்பு எண் 3.10 என்பது 3.1 ஆகிவிடும். நார்வேயின் நாட்டுக் குறியீடான என்ஓ ஃபால்ஸ் ஆகும் கதை ஊரறிந்தது. ஒரே கீ இரண்டு முறை வந்தால் பையாம்ல் எதுவும் சொல்லாமல் பிந்தியதை எடுத்துக்கொள்ளும். ஜேசனும் பைத்தானில் அப்படியே. கான்ஃபிக்பார்சரும், டாமல் என்ற இன்னொரு அமைப்புக் கோப்பு வடிவத்தைப் படிக்கும் டாம்லிப்பும் அந்த இடத்தில் எரர் போட்டு நிற்கும்.

ஆழமாக அடுக்கப்பட்ட தரவு இருந்தால், அல்லது ஆன்சிபிள், குபர்னெட்டீஸ் போன்ற சர்வர் நிர்வாகக் கருவிகளைப் போல எதிர்ப்பக்கம் யாம்ல்தான் கேட்கிறது என்றால் யாம்ல் எழுதுங்கள். எழுத்தாக இருக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் மேற்கோள் குறி போடுங்கள். படிக்க பையாம்லின் சேஃப்_லோட் மட்டும். நான்கு வரி அஞ்சல் அமைப்புக்கு அது வேண்டாம்.

8 ஜனவரி

இன்னொரு வாசகர் கேட்டது: "கோப்பே இல்லாத கணினியிலும் எரர் வரவில்லை, பிறகு எங்கோ நோசெக்ஷன்எரர் வருகிறது."

ரீட் என்ற மெத்தட் இல்லாத கோப்பைப் பொருட்படுத்தாது. கணினி முழுவதற்கான கோப்பு, பயனரின் கோப்பு என்று பல இடங்களின் பட்டியலைக் கொடுத்து, இருப்பதைப் படி என்று சொல்வதற்காகவே அது அப்படி எழுதப்பட்டது. படிக்க முடிந்த கோப்புகளின் பெயர்ப் பட்டியலைத் திருப்பித் தரும். அந்தப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை, அங்கேதான் சிக்கல்.

கட்டாயம் இருக்க வேண்டிய கோப்பு என்றால் நீங்களே ஓப்பன் செய்து ரீட்_ஃபைலுக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் அந்த வரியிலேயே வரும். ரீடுக்குச் சார்புப் பாதை கொடுத்திருந்தால் இன்னும் மோசம்: க்ரான் வேலையாகவோ (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) சிஸ்டம்டி சேவையாகவோ (லினக்ஸ் பின்னணியில் ஓட்டுவது) ஓடும்போது நடப்புக் கோப்புறை வேறாக இருக்கும், கோப்பு கிடைக்காது, ஃபால்பேக் மதிப்புகளோடு (கீ கிடைக்காதபோது எடுத்துக்கொள்ளும் மாற்று மதிப்பு) நிரல் ஓடிக்கொண்டே இருக்கும்.

8 ஜனவரி, சற்றுப் பிறகு

ஃபால்பேக் பற்றி ஒரு வாசகர் சேர்த்திருப்பது சரி, எடுத்து மேலே வைக்கிறேன்: டிஃபால்ட் செக்ஷனில் (எல்லா செக்ஷனுக்கும் பொதுவானது) அந்த கீ இருந்தால் ஃபால்பேக் தோற்றுவிடும். ஃபால்பேக் என்பது எங்குமே இல்லை என்றால்தான். கீ இருந்து மதிப்பு காலியாக இருந்தாலும் ஃபால்பேக் வராது. காலி ஸ்ட்ரிங்தான் வரும், கெட்இன்ட் அதில் விழும்.

டிஃபால்ட் என்ற செக்ஷன் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் எழுதினால் அது சாதாரண செக்ஷன். கீ பெயர்கள் மட்டும் தலைகீழ்: எப்படி எழுதினாலும் சின்ன எழுத்தாக்கப்படும். சூழல் மாறிகளின் பெயர்களை ஐஎன்ஐயில் வைத்துப் படிப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். கீ பெயரை மாற்றும் ஆப்ஷன்எக்ஸ்ஃபார்மில் எஸ்டிஆர்-ஐ வைத்தால் எழுதியது எழுதியபடி இருக்கும். கோப்பைப் படிப்பதற்கு முன் வைக்க வேண்டும்.

11 ஜனவரி

தமிழ் மதிப்புகள். இது நம் ஆட்களுக்கு மட்டும் வரும் சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாக.

விண்டோஸில் என்கோடிங் சொல்லாமல் படித்தால் பைத்தான் கணினியின் பழைய குறியீட்டை எடுக்கிறது. பெரும்பாலும் சிபி1252. கோப்பு யூடிஎஃப்-8. இப்போது ஊர் = சென்னை என்று ஒரு வரி இருந்தால் யூனிகோட்டிகோட்எரர் வரும். ஊர் = கோவை என்று மட்டும் இருந்தால்... அந்த வரியின் கீயிலேயே புள்ளி இருப்பதால் அதற்கும் எரர்தான். கீயை ஆங்கிலத்தில் வைத்து மதிப்பு கோவையாக இருந்தால் எரர் இல்லை, பன்னிரண்டு குப்பை எழுத்துகள் வரும்.

காரணம் பைட்டுகளில் இருக்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். சிபி1252-இல் ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. புள்ளியின் கடைசி பைட், உகரக் குறியின் கடைசி பைட், ஏ, ஐ ஆகியவற்றின் கடைசி பைட் நான்கும் அந்த ஐந்தில் அடங்கும். சென்னையில் புள்ளி இருக்கிறது, மதுரையில் உகரம் இருக்கிறது, இரண்டும் எரர். கோவையில் இந்த நான்கில் எதுவும் இல்லை. நான்கு குறி, பன்னிரண்டு பைட், பன்னிரண்டும் ஏதோ ஓர் எழுத்தாக மாறி உள்ளே போய்விடும். எரர் வராத ஊர்தான் ஆபத்தான ஊர்: அந்தக் குப்பை தரவுத்தளம் வரை போய்ச் சேரும்.

தீர்வு: ரீடிலும் ஓப்பனிலும் என்கோடிங்கை எப்போதும் எழுதுங்கள். யூடிஎஃப்-8-சிக் என்று எழுதினால் இன்னும் நல்லது. நோட்பேட் பழைய விண்டோஸில் யூடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் பாம் என்ற மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிடும் (விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து இயல்பாகச் சேர்ப்பதில்லை). பாம் இருந்தால் முதல் வரியின் [ முதலெழுத்தாக இருக்காது, மிஸ்ஸிங்செக்ஷன்ஹெடர்எரர் வரும். கோப்பைத் திறந்து பார்த்தால் செக்ஷன் கண் முன்னே இருக்கும். யூடிஎஃப்-8-சிக் பாம் இருந்தால் தள்ளிவிடும், இல்லாவிட்டாலும் ஒழுங்காகப் படிக்கும். எழுதும்போது வெறும் யூடிஎஃப்-8 போதும்.

பைத்தான் 3.15 முதல் யூடிஎஃப்-8 தான் இயல்பான என்கோடிங். அதற்கு முன், 3.10 முதலான பதிப்புகளில் வார்ன்_டிஃபால்ட்_என்கோடிங் விருப்பத்தோடு ஓட்டினால் என்கோடிங் விட்டுப்போன இடங்களை எச்சரிக்கையாகக் காட்டும்.

11 ஜனவரி, இரவு

கீயையே தமிழில் வைக்கலாமா என்ற கேள்விக்கு: கான்ஃபிக்பார்சரில் தாராளமாக வைக்கலாம். டாமலில் தமிழ் கீக்கு மேற்கோள் குறி கட்டாயம்.

ஆனால் ஒகர வரிசையைக் கவனியுங்கள். தொ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. நிரலில் ஒரு விதம், கோப்பில் மறு விதம் என்றால் கீ கிடைக்காது. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதை. கோப்பை ஸ்ட்ரிங்காகப் படித்து, யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) கொடுத்து, பிறகு ரீட்_ஸ்ட்ரிங்கில் செலுத்துங்கள். ஆப்ஷன்எக்ஸ்ஃபார்மில் செய்தால் கீ மட்டும் சரியாகும், செக்ஷன் பெயர் அப்படியே நிற்கும்.

ஆம், இல்லை என்று எழுதவும் வழி உண்டு. பார்சரின் பூலியன்_ஸ்டேட்ஸ் ஒரு டிக்ஷனரி. அதை மாற்றி வைத்தால் கெட்பூலியன் அதன்படி நடக்கும். முழுதாக மாற்றினால் பழைய எட்டுச் சொல்லும் போய்விடும், அதனால் பழையதை நகலெடுத்து அதில் சேருங்கள்.

15 ஜனவரி

சதவீதக் குறி. கேட்டவர் டேட்டாபேஸ் முகவரியில் எரர் என்கிறார்.

கான்ஃபிக்பார்சர் இயல்பாக % குறியை வேறு கீயின் மதிப்பை இழுத்து வரும் குறியாகப் பார்க்கிறது. அடுத்து ( அல்லது இன்னொரு % வராவிட்டால் இன்டர்பொலேஷன்சின்டாக்ஸ்எரர். கோப்பைப் படிக்கும்போது வராது, அந்த மதிப்பைக் கேட்கும்போதுதான் வரும். அதனால் என்றோ ஒரு நாள் மட்டும் ஓடும் பகுதியில் ஒளிந்திருக்க முடியும்.

கடவுச்சொல்லில் @ இருந்தால் முகவரியில் அதை %40 என்று எழுத வேண்டும். டேட்டாபேஸ் அமைப்பு மாற்றங்களைக் கையாளும் அலெம்பிக்கின் ஐஎன்ஐ கோப்பில் அதையே %%40 என்று இரட்டிக்க வேண்டும். அதே கோப்பின் கீழ்ப்பகுதியில் லாக்கிங் ஃபார்மட் வரிகளில் ஒற்றை % நிற்பதைப் பார்த்து, இங்கே மட்டும் ஏன் என்று கேட்கிறார்கள். லாக்கிங்கின் ஃபைல்கான்ஃபிக் அந்த ஃபார்மட்டை ரா முறையில் படிக்கிறது, இழுத்து வரும் வேலையே அங்கே நடப்பதில்லை.

உங்கள் சொந்த நிரல் என்றால் இன்டர்பொலேஷனுக்கு (இந்த இழுத்து வரும் வசதிக்கு) நன் என்ற வெற்று மதிப்பைக் கொடுத்து முழுதாக அணைத்துவிடுங்கள். அந்த வசதி தேவைப்படும் கோப்புகள் மிகக் குறைவு.

15 ஜனவரி

மறந்துபோகும் முன் இதையும்: வரியின் முன்னால் தப்பித்தவறி விழும் இடைவெளி.

[அஞ்சல்]
சர்வர் = 10.0.0.5
  போர்ட் = 587

இங்கே போர்ட் என்ற கீயே கிடையாது. முந்தைய கீயைவிட உள்தள்ளி இருக்கும் வரி அதன் மதிப்பின் தொடர்ச்சி. சர்வரின் மதிப்பு இரண்டு வரி ஸ்ட்ரிங்காகிவிடும். போர்ட்டுக்கு ஃபால்பேக் வைத்திருந்தால் 25-க்கோ 587-க்கோ போய் எதுவும் தெரியாது. செக்ஷன் முழுவதையும் ஒரே அளவு உள்தள்ளினால் சிக்கலில்லை; ஒரு வரி மட்டும் உள்ளே போனால்தான்.

20 ஜனவரி

டாமல் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். புதிதாகத் தொடங்குவது, பைத்தான் 3.11 அல்லது அதற்கு மேல், மனிதர் கையால் திருத்தும் கோப்பு என்றால் டாமல்தான் என் தேர்வு. டாம்லிப் 3.11-இல் இருந்து பைத்தானோடே வருகிறது. 044 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் ஊகிக்காது, எரர் போடும். ட்ரூ, ஃபால்ஸ் சின்ன எழுத்தில் மட்டும். தேதிக்கு டேட் ஆப்ஜெக்ட் தரும். விலை, வரி விகிதம் வைத்திருப்பவர்கள் பார்ஸ்_ஃப்ளோட்டுக்கு டெசிமல் கொடுத்துப் படியுங்கள்.

தவறும் இடங்கள் மூன்று. கோப்பை பைனரியாகத் திறக்க வேண்டும், டெக்ஸ்டாகத் திறந்தால் டைப்எரர். விண்டோஸ் பாதையை இரட்டை மேற்கோளில் எழுதினால் பின்சாய்கோடு எஸ்கேப் ஆகிவிடும்: யூசர்ஸ் கோப்புறைப் பாதை எரராகி நின்றுவிடும், டெம்ப் கோப்புறைப் பாதையோ சத்தமில்லாமல் டேப் எழுத்தாகிவிடும். ஒற்றை மேற்கோள் போடுங்கள். மூன்றாவது: செக்ஷன் எதிலும் சேராத கீகள் கோப்பின் உச்சியில் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு வரி சேர்த்தால் அது கடைசி செக்ஷனுக்குள் போய்விடும்.

டாம்லிப் படிக்க மட்டுமே. எழுத டாம்லி-டபிள்யூ, கமென்ட் போகாமல் திருத்தி எழுத டாம்ல்கிட்.

27 ஜனவரி

எழுதுவது.

கான்ஃபிக்பார்சரின் ரைட் எல்லாக் கமென்டையும் அழித்துவிடும், ஏனென்றால் படிக்கும்போதே அவற்றை வைத்துக்கொள்ளவில்லை. பயனர் எழுதிய விளக்கங்கள் உள்ள கோப்பை நிரல் தொடக்கூடாது. நிரல் மாற்றும் மதிப்புகளுக்குத் தனிக் கோப்பு வையுங்கள். பயனர் கோப்பு முதலில், நிரலின் கோப்பு அடுத்து என்று இரண்டையும் படித்தால் பிந்தியது மேலோங்கும். முடியாது என்றால் கமென்டைக் காப்பாற்றி எழுதும் கான்ஃபிக்அப்டேட்டர் பேக்கேஜ்.

இன்னொன்று. கோப்பை ரைட் முறையில் திறந்த கணமே அதன் நீளம் பூஜ்யம். அந்த இடைவெளியில் மின்சாரம் போனாலோ வட்டு நிரம்பினாலோ காலிக் கோப்பு மிஞ்சும். அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பு உருவாக்கி, முழுவதும் எழுதி, ஃப்ளஷ், ஓஎஸ் எஃப்சிங்க், பிறகு ஓஎஸ் ரீப்ளேஸ். கோப்புறை ஒன்றாக இருப்பது முக்கியம்; வேறு ஃபைல்சிஸ்டத்துக்கு ரீப்ளேஸ் நடக்காது.

தற்காலிகக் கோப்புக்கான எம்கேஎஸ்டெம்ப் உருவாக்கும் கோப்புக்கு 0600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்). அப்படியே ரீப்ளேஸ் செய்தால் முன்பு படித்துக்கொண்டிருந்த வேறு பயனரின் சேவை படிக்க முடியாமல் நிற்கும். ரீப்ளேஸுக்கு முன் ஷுட்டிலின் காப்பிமோட் கொண்டு பழைய அனுமதியை நகலெடுங்கள். அது உரிமையாளரை நகலெடுக்காது என்பதையும் கவனியுங்கள்; ரூட்டாக ஓடும் நிரல் எழுதினால் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகும். இலக்கு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) என்றால் முதலில் ரியல்பாத் எடுங்கள், இல்லாவிட்டால் லிங்க் போய்க் கோப்பு உட்காரும்.

28 ஜனவரி

பழைய நிரல் 3.12-இல் உடைந்தவர்களுக்கு: சேஃப்கான்ஃபிக்பார்சர், ரீட்எஃப்பி இரண்டும் 3.12-இல் நீக்கப்பட்டன. கான்ஃபிக்பார்சர், ரீட்_ஃபைல் என்று மாற்றினால் போதும். பிப் இன்ஸ்டாலின்போதே இந்த எரர் வந்தால் அந்தப் பேக்கேஜின் பழைய வெர்ஷனியர் (பதிப்பு எண் இடும் கருவி) காரணமாக இருக்கலாம், பேக்கேஜைப் புதுப்பியுங்கள்.

செக்ஷனே இல்லாத கோப்பைப் படிக்க 3.13-இல் அலவ்_அன்நேம்ட்_செக்ஷன் வந்திருக்கிறது.

3 பிப்ரவரி

இத்தனை பொறிகளையும் ஒவ்வொன்றாக நினைவில் வைக்க முடியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வைக்க வேண்டியதில்லை. மேலே வந்த எல்லாக் கோளாறும் ஒரே வகை: தவறான மதிப்பு நுழைந்தது ஓரிடத்தில், வெடித்தது வேறிடத்தில். நிரல் முழுக்க அங்கங்கே கெட், கெட்இன்ட் என்று சிதறிக் கிடப்பதே இதற்கு வழிவிடுகிறது.

கோப்பைத் தொடும் ஃபங்ஷன் ஒன்றே ஒன்று இருக்கட்டும். நிரல் தொடங்கியதும் அது ஓடி, எல்லா மதிப்பையும் உரிய டைப்புக்கு மாற்றி, ஃப்ரோசன் டேட்டாகிளாஸ் (உருவான பின் மாற்ற முடியாத ஆப்ஜெக்ட்) ஒன்றில் வைத்துத் தரட்டும். மற்ற இடங்களுக்கு அந்த ஆப்ஜெக்ட் மட்டுமே போகட்டும். கோப்பு ஐஎன்ஐயா டாமலா என்பது பிறகு யாருக்கும் தெரிய வேண்டாம். மாற்றினாலும் ஒரு ஃபங்ஷன்தான் மாறும்.

அந்த ஃபங்ஷன் தெரியாத கீகளையும் பார்க்க வேண்டும். கோப்பில் உள்ள கீகளில் இருந்து தெரிந்த கீகளைக் கழித்து, மிச்சம் இருந்தால் எரர். கீயின் பெயரில் எழுத்துப் பிழை செய்து, ஃபால்பேக் அதை மூடி மறைக்கும் வகைக் கோளாறு முழுவதும் இதில் பிடிபடும். டிஃபால்ட் செக்ஷன் கீகளும் எல்லா செக்ஷனிலும் தெரியும் என்பதால் அவற்றையும் கணக்கில் சேருங்கள்.

எரர்களைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் காட்டுங்கள். ஒன்றைத் திருத்தி ஓட்டி அடுத்ததைக் கண்டுபிடிக்க வைப்பது பயனருக்குக் கொடுமை. வரி இப்படி இருக்கலாம்:

[அஞ்சல்] போர்ட்: "587 ; டிஎல்எஸ்" என்று இருக்கிறது, 1 முதல் 65535 வரை முழு எண் வேண்டும்

கடவுச்சொல், டோக்கன் வகை கீகளுக்கு இருக்கும் மதிப்பை அச்சிடாதீர்கள். லாகில் போய் நிற்கும்.

3 பிப்ரவரி, இரவு

எரரில் வெளியேறும்போது எந்த எக்ஸிட் கோடு என்ற கேள்விக்கு: யூனிக்ஸில் கான்ஃபிக் கோளாறுக்கு 78 என்ற மரபு உண்டு, பைத்தானில் ஓஎஸ் மாட்யூலில் ஈஎக்ஸ்_கான்ஃபிக் என்று இருக்கிறது. சிஸ்டம்டி யூனிட்டில் ரீஸ்டார்ட்ப்ரிவென்ட்எக்ஸிட்ஸ்டேட்டஸ் 78 என்று எழுதிவிட்டால், கோப்பு தவறாக இருக்கும்போது சேவையை மறுபடி மறுபடி கிளப்பிப் பார்க்காது.

9 பிப்ரவரி

சூழல் மாறியும் கோப்பும் சேர்ந்தால் எது மேல்? நிரலில் உள்ள இயல்பு, அதற்கு மேல் கோப்பு, அதற்கு மேல் சூழல் மாறி, எல்லாவற்றுக்கும் மேல் கட்டளை வரி. சூழல் மாறியும் ஸ்ட்ரிங்தான், 0-வை பூல் போட்டால் அங்கேயும் ட்ரூ. அதனால் அதே ஒற்றை ஃபங்ஷன் வழியாகவே வரட்டும்.

12 பிப்ரவரி

மேலே 27 ஜனவரியில் சொன்ன ரீப்ளேஸ் முறை டாக்கரில் (நிரலைத் தனிச் சூழலில் ஓட்டும் கருவி) "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்று நிற்கிறது என்று வந்த கேள்விக்குப் பதில்: கோப்பு ஒன்றை மட்டும் தனியாக மவுன்ட் செய்திருப்பீர்கள் (வெளிக் கணினியின் கோப்பை உள்ளே இணைப்பது). மவுன்ட் புள்ளியாக இருக்கும் கோப்பின் மேல் ரீப்ளேஸ் செய்ய கெர்னல் விடாது. கோப்பு இருக்கும் கோப்புறையை மவுன்ட் செய்யுங்கள், அதே நிரல் மாற்றமின்றி ஓடும்.